அப்பா இல்லாத இரண்டு நிமிடங்கள்

ஜூன் 9

பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் தினம் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று ஃபெலிக்ஸ் சார் சொல்லிவிட்டார். உன்னை நீயே கண்டுபிடிக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை நோட்டை வாங்கிப் பார்ப்பார். அவருக்குக் காட்டத் தனியாக ஒன்று போட்டிருக்கிறேன். அதில் நான் காலை ஐந்து மணிக்கு எழுந்து லட்சியத்தைப் பற்றி யோசிக்கிறேன். இது வேறு நோட்டு. இதில் எட்டு மணிக்கு எழுகிறேன்.

விஷயம் இதுதான். மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருடமாகச் சும்மா இருக்கிறேன். சென்னைப் பக்கம் ஒரகடத்தில் பேட்டரி வண்டி செய்கிற கம்பெனி ஒன்று ஏழை வீட்டுப் பட்டதாரிகளுக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. திருவெறும்பூரில் ஒரு டிரஸ்ட் ஆறு வாரம் பயிற்சி கொடுக்கும். பிறகு கம்பெனி ஆட்கள் வந்து நேர்காணல் செய்து ஆளெடுப்பார்கள். எழுத்துத் தேர்வு முடிந்தது. மிச்சம் இருப்பது மோட்டிவேஷன் ரவுண்டு மட்டும். இந்த வேலை உனக்கு ஏன் வேண்டும் என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

வேலை இல்லை, அதனால் வேண்டும். இதைச் சொல்ல ஆறு வாரம் எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 12

வகுப்பில் தரையில் டேப் ஒட்டி ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்குள் நின்று பேச வேண்டும். கேட்கிறவர்களில் யாருக்குக் கண் கலங்குகிறதோ அவர்கள் கை தூக்க வேண்டும். தூக்கிய கைகள்தான் மதிப்பெண். சார் அதை போர்டில் பெயருக்கு நேராக எழுதுகிறார்.

இன்று என் முறை. “என் பேர் சிவபாலன். ரெண்டு வருஷமா வேலை தேடறேன். மெஷின் வேலை நல்லா தெரியும். சம்பளம் வேணும்.” ஒரு கைகூட எழவில்லை. பின் வரிசையில் ஒருத்தன் கொட்டாவி விட்டான்.

“அப்பா என்ன பண்றார்?” என்றார் சார்.

“தண்ணி கேன் போடறார் சார்.”

“கூலிக்கா?”

“இல்ல சார், சொந்த வண்டி. பழைய டாடா ஏஸ்.”

“குடிப்பாரா?”

“கல்யாணம் காட்சின்னா கொஞ்சம்.”

“அம்மாவ அடிப்பாரா?”

“இல்ல சார். அம்மாதான் எப்பவாவது.”

எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. எந்த நோயும் இல்லாமல் வந்துவிட்ட நோயாளியைப் பார்க்கிற டாக்டர் மாதிரி என்னைப் பார்த்தார். “நீ ரொம்ப நடுவுல மாட்டிக்கிட்ட சிவபாலா. மேல இருக்கறவனுக்கு இங்கிலீஷ் இருக்கு. கீழ இருக்கறவனுக்குக் கதை இருக்கு. தண்ணி கேன வெச்சு நான் என்ன பண்றது?”

ஜூன் 15

ஞாயிறு. அப்பாவோடு கேன் போடப் போனேன். அரியமங்கலம் முழுக்க எங்கள் கேன்தான். எல்லாவற்றிலும் நீல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ‘போஸ் வாட்டர் சப்ளை’ என்று எழுதி அப்பாவின் போன் நம்பர். அப்பா பெயர் சந்திரபோஸ். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து அதே நம்பர்தான் என்று பெருமையாகச் சொல்லுவார். அது எப்படிப் பெருமையாகும் என்று எனக்குப் புரிந்ததில்லை.

மாடி ஏறும்போது வலது முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். மூன்றாவது மாடியில் ஒரு அம்மாள், “என்ன போஸண்ணே, பையன் இஞ்சினியர்னு சொன்னீங்க, கேன் தூக்கறான்” என்றாள். “இஞ்சினியர்தாம்மா. அதான் எப்படித் தூக்கறான் பாருங்க, சொட்டு சிந்தல” என்றார் அப்பா. எனக்கு எரிச்சலாக வந்தது. காலிக் கேனை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கிவிட்டேன்.

கடைசிக் கேன் எஸ்தர் வீட்டுக்கு. என்னோடு பயிற்சியில் இருக்கிறாள். நான் கேனோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, “உள்ள வெச்சுருப்பா” என்று சாதாரணமாகச் சொன்னாள்.

ஜூன் 20

எஸ்தர் இன்று கட்டத்துக்குள் நின்றாள். “எங்கப்பா எலக்ட்ரீஷியன். நான் பிளஸ் டூ படிக்கும்போது கம்பத்துல ஷாக் அடிச்சு இறந்துட்டாங்க. அம்மா வீட்டு வேலைக்குப் போறாங்க. எனக்கு வேலை வேணும்.” சொல்லிவிட்டுக் கட்டத்தை விட்டு இறங்கிவிட்டாள். மொத்தம் அரை நிமிடம் இருக்கும். கை எழவில்லை.

ஃபெலிக்ஸ் சாருக்கு அழுகையே வந்துவிட்டது, வேறு காரணத்துக்காக. “எவ்ளோ நல்ல மெட்டீரியல் உன்கிட்ட இருக்கு. கரன்ட் பில் கட்டற மாதிரி சொல்லிட்டுப் போறியே. அன்னிக்கு என்ன மழையா, வெயிலா? போன் யார் எடுத்தா? கடைசியா உன்கிட்ட என்ன பேசினார்?”

“ஞாபகம் இல்ல சார்.”

“ஞாபகம் வரவழைக்கணும்மா.”

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். டிக்கெட் எடுத்ததும் தானாகச் சொன்னாள். அவள் அப்பாவின் போன் நம்பருக்கு அவள் அம்மா இன்னும் ரீசார்ஜ் போடுகிறாராம். போனைச் சார்ஜும் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறாராம். “எதுக்கும்மான்னு கேட்டா, யாராச்சும் கூப்பிட்டா ரிங் போகணுமில்லங்கறாங்க.”

“இத ஏன் அங்க சொல்லல?” என்றேன். “இது ஒண்ணு போதுமே. எல்லாக் கையும் எழுந்திருக்கும்.”

“அது எங்கம்மாவோடது,” என்றாள்.

ஜூன் 27

ஃபெலிக்ஸ் சார் நோட்டுக்கு: இன்று சூரிய உதயம் பார்த்தேன், நம்பிக்கை பிறந்தது. உண்மையில் மழை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அப்பாவும் நானும் ரயில்வே கேட் வரை தள்ளினோம்.

ஜூலை 2

இன்று கட்டத்துக்குள் நின்று சும்மா பேசிப் பார்த்தேன். அப்பா நாலு வருடத்துக்கு முன்னால் மாடிப்படியில் கேனோடு விழுந்து இறந்துபோனார் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் தன்னால் வந்தது. தண்ணீர் படியெல்லாம் வழிந்தது என்றேன். அவர் நம்பருக்கு அம்மா இன்றைக்கும் ரீசார்ஜ் போடுகிறாள் என்றேன். யாராவது கூப்பிட்டால் ரிங் போக வேண்டும் என்பதற்காக என்றேன். அங்கே கொஞ்சம் நிறுத்தினேன். நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வகுப்பில் பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். கொட்டாவி விட்டவன் இரண்டு கையையும் தூக்கினான்.

சார் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போன மாதம் என் அப்பா டாடா ஏஸ் வைத்திருந்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். போர்டில் எண்ணை எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

எஸ்தர் காய்ச்சல் என்று வரவில்லை. நல்லது.

ஜூலை 18

நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் ஹெச்.ஆர். நிவேதிதா மேடம். மெஷின் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. நான் ரிங் போக வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தினேன். ஓரத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்தபோது எஸ்தர் பெஞ்சில் இருந்தாள். அவளுக்கு முன்பே முடிந்துவிட்டது. “எவ்ளோ நேரம் பேசின?” என்று கேட்டேன்.

“ஒரு நிமிஷம்கூட இல்ல. இன்னும் ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாங்க. இல்லன்னேன்.”

ஜூலை 26

எனக்குக் கிடைத்துவிட்டது. எஸ்தருக்கு இல்லை. அவள்தான் முதலில் வாழ்த்துச் சொன்னாள். “என்னப்பா சொன்ன உள்ள?” என்று கேட்டாள். குடும்பத்தைப் பற்றிச் சும்மா ஏதோ சொன்னேன் என்றேன்.

அப்பா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். கேன் லோடு எடுக்கிற தண்ணீர் பிளான்ட்டிலும் கொடுத்தாராம். இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று யாரோ விசாரித்ததற்கு, “அதெல்லாம் நமக்குப் புரியாதுங்க, பெரிய பெரிய மிஷினு” என்றாராம்.

ஆகஸ்ட் 3

நிவேதிதா மேடம் போன் செய்தார். சேருகிறவர்களின் வீட்டுக்கு வந்து வீடியோ எடுப்பது வழக்கமாம். கம்பெனிப் பக்கத்தில் போடுவார்களாம். “அம்மா இருப்பாங்கல்ல? அப்பா போட்டோ கொஞ்சம் பெருசா, மாலையோட இருந்தா நல்லது.”

ராத்திரி சாப்பிடும்போது இருவரிடமும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லி முடித்தேன். அம்மாவின் கை தட்டில் அப்படியே நின்றது. அப்பா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“போஸுன்னு பேரு வெச்சவன் செத்தானா இல்லையான்னு எப்பவுமே சந்தேகந்தான்டா,” என்றார்.

“சிரிக்கறீங்க. உசுரோட ஒக்காந்திருக்கற மனுசன இவன்…” என்றாள் அம்மா.

“வேலைக்குத்தானடி சொல்லியிருக்கான். வேணும்னா சொன்னான்?”

“அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீ எங்கயாச்சும் லோடு எடுக்கப் போயிடுப்பா,” என்றேன்.

“ஏன், என் சாவுக்கு நான் இருக்க வேணாமா?” என்றார். அப்புறம் அவரே யோசித்தார். “வண்டி வாசல்ல நிக்கும். அதுல போஸுன்னு எழுதியிருக்கு. யாரு வண்டின்னு கேப்பாங்க. நான் அவரு தம்பி. அண்ணன் போனதும் தொழில நான் எடுத்து நடத்தறேன். உனக்குச் சித்தப்பா. சரியா வருதா?”

சரியாகத்தான் வந்தது. எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அம்மா சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள். எப்போதும் எதற்கெடுத்தாலும் உணர்ச்சிவசப்படுவாள்.

ஆகஸ்ட் 9

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பன்னிரண்டுக்கு வந்தார்கள். நிவேதிதா மேடம், கேமராக்காரர், லைட் பிடிக்க ஒருவர். அதற்குள் அப்பா ஒரு லோடு இறக்கிவிட்டு வந்து குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக இருந்தார். சந்தன மாலையை அவரே வாங்கி வந்திருந்தார். ஆணியும் அவரே அடித்தார். போட்டோவை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று, “கோணலா இருக்கா பாரு” என்று கேட்டார். பழைய போட்டோ, ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. நிறைய முடியும் மீசையும் இருந்தன. படத்து நெற்றியில் குங்குமம் வைக்கும்போது மட்டும் கையை எடுத்துக்கொண்டார். “இத நீ வெய்யி,” என்றார். வைத்தேன்.

அம்மா பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பொட்டு வைத்து வைத்து நெற்றியில் வெளுத்துப்போயிருந்த வட்டம் தெரிந்தது. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ரவிக்கைக்குள் தள்ளி விட்டுக்கொண்டாள். ஊக்குப் போடச் சொன்னேன். போட்டாள்.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அப்பாவைப் பார்த்து, “இவங்க?” என்றார்.

“சித்தப்பா மேடம்.”

அப்பா கும்பிட்டார். “அண்ணன் போனப்புறம் வண்டிய நான்தான் பாத்துக்கறேன் மேடம்.” பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, “அண்ணி, மேடத்துக்குத் தண்ணி கொண்டாங்க” என்றார். உள்ளே சொம்பு விழுகிற சத்தம் கேட்டது.

முதலில் அம்மாவை எடுத்தார்கள். போட்டோவுக்குக் கீழே உட்கார வைத்து, அவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். அம்மா வாயைத் திறக்கவே இல்லை. அழுதாள். நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை. கேமராக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரே டேக்கில் முடிந்தது.

அடுத்து அப்பா. “உங்க அண்ணன் எப்படிப்பட்டவர்னு சொல்லுங்க சித்தப்பா.”

அப்பா திரும்பிப் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பெருசா ஒண்ணும் இல்ல மேடம். தண்ணி கேன் போட்டான். மாடி ஏறி ஏறி முட்டி போயிடுச்சு. பையன் படிக்கணும்னு ஆச. என்ன படிக்கறான்னு அவனுக்குத் தெரியாது. கேட்டா பையன் எரிஞ்சு விழுவான், அதனால கேக்க மாட்டான். ஒரு தடவ பையனோட காலேஜ்லயே கேன் போடற மாதிரி ஆயிடுச்சு. பையன் கூட்டாளிங்களோட வந்தான். இவன் பாலான்னு கூப்ட்டான். பையன் காதுல விழாத மாதிரி போயிட்டான். வீட்டுல வந்து இவன் அத யார்கிட்டயும் சொல்லல. நாலு பேரு முன்னாடி நாமதான் கூப்ட்ருக்கக் கூடாதுன்னு அவனே நெனச்சுக்கிட்டான். அவ்ளோதான் மேடம். நல்லவந்தான்.”

அந்தக் காலேஜ் விஷயத்தை இப்போது எதற்கு எடுத்தார் என்று தெரியவில்லை. மேடம் கேமராக்காரரிடம், “அந்த பிட்டு வேணாம், எடிட்ல தூக்கிடலாம்” என்றார். பிறகு அப்பாவிடம், “இன்னிக்கு உங்க அண்ணன் உயிரோட இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?” என்று கேட்டார்.

“அவன் இருந்திருந்தா இந்த வேல கெடச்சிருக்காதே மேடம்.”

லைட் பிடித்தவர் திரும்பி மேடத்தைப் பார்த்தார். அப்பாவே சமாளித்தார். “அவன் போனதாலதான பையனுக்கு ஒரு வைராக்கியம் வந்துச்சு, அதச் சொன்னேன்.”

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மேடம், “லாஸ்ட்டா ஒரு ஷாட். அம்மா அந்த நம்பருக்கு அடிக்கற மாதிரி” என்றார். நேர்காணலில் அந்த நம்பரைப் பற்றிச் சொன்னதை நான் வீட்டில் சொல்ல மறந்திருந்தேன். “சும்மா கையில போன வெச்சுக்கிட்டா போதும் மேடம்” என்று நான் சொல்வதற்குள், “அம்மா, அவர் நம்பருக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் போனில் அடிக்கத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். அடித்துவிட்டாள்.

அப்பாவின் சட்டைப் பையில் நாதஸ்வரம் வாசித்தது.

அப்பா அதைக் கட் பண்ணவும் இல்லை, பைக்குள் கை விடவும் இல்லை. வாசித்து முடிகிற வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மேடம் அவரைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

“சித்தப்பா,” என்றார் மேடம், குரல் கொஞ்சமும் மாறாமல். “அந்த போன அண்ணன் போட்டோ முன்னாடி வெச்சிடுங்க. ரிங் அங்கேருந்து வரட்டும். இன்னும் நல்லா இருக்கும்.”

அப்பா எழுந்து தன் போனைத் தன் படத்துக்கு முன்னால் வைத்தார். அம்மா மறுபடி அடித்தாள். இரண்டாவது டேக்கில் ஓகே ஆனது.

கார் வரை போய் வழியனுப்பினேன். மேடம் கண்ணாடியை இறக்கினார். “பயப்படாதீங்க. இந்த வருஷம் இது எனக்கு நாலாவது அப்பா. போன வீட்ல அவரே டீ போட்டுக் குடுத்தார். எனக்குத் தெரியறது பிரச்சினை இல்ல. மேல எம்.டி.க்குத் தெரியக் கூடாது. இனிமே மாத்திப் பேசாதீங்க, அவ்ளோதான்.”

திரும்பி வந்தபோது அப்பா ஸ்டூல் போட்டுப் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். “அண்ணி, இந்த மாலைய என்ன பண்ணட்டும்?” என்று கேட்டார். அம்மா டம்ளரை எடுத்து அவர்மேல் எறிந்தாள்.

ஆகஸ்ட் 10

அம்மாவின் பொட்டு வழக்கத்தைவிடப் பெரியதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 28

வீடியோ போட்டுவிட்டார்கள். சோகமாகப் புல்லாங்குழல் சேர்த்திருக்கிறார்கள். எஸ்தர் ஒரு வரி அனுப்பியிருந்தாள். ‘பாத்தேன். அந்த சிம் எங்கம்மாவோடதுன்னு சொன்னேன்.’

எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே என்று பதில் போட்டேன். அவளிடம் இருந்தும் அவள் பயன்படுத்தவில்லை. நான் எடுக்காவிட்டால் வேறு எவனாவது எடுத்திருப்பான். கிடைக்காதவர்களுக்குக் கிடைத்தவன்மேல் கோபம் வருவது இயற்கை.

செப்டம்பர் 11

ஒரகடம். வேலையில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. அறையில் மூன்று பேர். லைனில் மோட்டார் பொருத்துகிறேன். இதை ஐ.டி.ஐ. படித்தவன் என்னைவிட நன்றாகச் செய்கிறான்.

கேன்டீனில் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்திருந்தேன். ‘அப்பா’ என்று வந்தது. எதிரில் இருந்த அறை நண்பன் லோகேஷின் முகம் வெளுத்துவிட்டது. அவன் வீடியோவைப் பார்த்தவன். “அம்மாடா. அந்த சிம்முலேருந்து பண்றாங்க” என்றேன். அவன் தோளைத் தொட்டுவிட்டு எழுந்து போனான். ராத்திரி பெயரை மாற்றிச் ‘சித்தப்பா’ என்று சேமித்தேன். வேறு வழி இல்லை.

அக்டோபர் 5

சித்தப்பா போன் செய்தார், அதாவது அப்பா. சாப்பிட்டியா, தூங்கினியா. வேறு எதுவும் பேசத் தெரியாது.

நவம்பர் 2

தீபாவளிக்கு லீவு கிடைக்காததால் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். சொல்லவே இல்லை. கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டு, “உங்க சித்தப்பா வந்திருக்காரு தம்பி” என்றார்.

நான் சொல்லித்தரவில்லை. அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார். விவரமான மனுஷன்தான்.

ஷிப்டை விட்டு வர முடியாது, அங்கேயே கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றேன். இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். பையைக் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு கட்டிடத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். எந்த ஜன்னல் என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

முறுக்கு நன்றாக இருந்தது. லோகேஷ் முக்கால்வாசி தின்றுவிட்டான்.

ஜனவரி 19

ஆண்டு விழாவில் நான் மேடையில் பேச வேண்டும். வீடியோவைப் பார்த்து எம்.டி. உருகிப்போய்விட்டாராம். அவரே ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். பேசி முடித்ததும் மேடையிலிருந்தே அந்த நம்பருக்கு நான் போன் போட வேண்டும். மைக்கில் ரிங் கேட்க வேண்டும். யாரும் எடுக்க மாட்டார்கள். அப்படியே விளக்கு அணையும்.

“முடியாதுன்னு சொல்ல முடியாது,” என்றார் நிவேதிதா மேடம். “உங்க புரோபேஷன் கையெழுத்து அவர்தான் போடணும். சித்தப்பாகிட்ட சொல்லி வைங்க.”

ஊருக்குப் போன் செய்தேன். “சனிக்கிழம சாயந்தரம் ஒரு கால் வரும். எடுக்காதப்பா.”

“யாரு பண்றா?”

“நான்தான்.”

“நீ பண்ணா எப்படிடா எடுக்காம இருக்கறது?”

“ஒரு தடவதான்ப்பா. எடுத்துட்டா என் வேல போச்சு.”

“செரி, எடுக்கல,” என்றார். அப்புறம், “அன்னிக்கு மட்டுந்தான?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜனவரி 24

நல்லபடியாக முடிந்தது. ஆயிரம் பேராவது இருப்பார்கள். ரிங் போகிற சத்தம் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. சித்தப்பா எடுத்துவிடுவாரோ என்று ஒவ்வொரு ரிங்காக எண்ணிக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. முழுவதுமாகப் போய் நின்றது. விளக்கு அணைந்தது. இருட்டில் மூக்குறிஞ்சுகிற சத்தம். எம்.டி. மேடைக்கு வந்து கட்டிப்பிடித்தார். அவர் சட்டையில் நல்ல வாசனை.

ஜனவரி 27

சித்தப்பா எடுக்கவில்லை. லோடில் இருப்பார்.

பிப்ரவரி 6

பணி உறுதிக் கடிதம் வந்துவிட்டது. சொல்லலாம் என்று மூன்று தரம் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அம்மா போனுக்கு அடித்தேன்.

“எங்கம்மா அவரு? ஏன் எடுக்க மாட்டேங்கறாரு?”

“இங்கதான் ஒக்காந்திருக்காரு. ஒன் பேரு வந்தா எடுக்கக் கூடாதாமே.”

“அது ஒரு நாளைக்குத்தானம்மா.”

“அன்னிக்கு என்ன பண்ணாரு தெரியுமாடா? சாயந்தரத்துலேருந்து போன மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. நாதஸ்வரம் அடிக்குது, அடிக்குது, பாத்துக்கிட்டே இருக்காரு. எடுங்களேன்னேன். செத்தவன் எப்படிடி எடுப்பான்னாரு. எப்பவும் மாதிரி சிரிச்சிக்கிட்டே சொல்லுவாருன்னு பாத்தா, சிரிக்கல.”

போனை அவரிடம் கொடு என்றேன். அம்மா கொடுக்கப்போன சத்தம் கேட்டது. பிறகு அவளே பேசினாள். “குளிக்கப் போயிட்டாராம்” என்றாள்.

பிப்ரவரி 20

ஃபெலிக்ஸ் சார் செய்தி அனுப்பியிருக்கிறார். புது பேட்ச்சுக்கு என் வீடியோவைத்தான் பாடமாகக் காட்டுகிறாராம். இந்த முறை ஒருத்தனுக்கும் அப்பா இல்லையாம். சிரிக்கிற பொம்மை இரண்டு போட்டிருந்தார்.

மார்ச் 11

இன்று கூப்பிட்டால் ரிங்கே போகவில்லை. இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். தமிழில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை.

அம்மாவிடம் கேட்டேன். அப்பா ரீசார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டாராம். கடைக்காரன் சொல்லிப் பார்த்திருக்கிறான், இருபது வருஷ நம்பர் போஸண்ணே என்று. கேட்கவில்லையாம். புது நம்பர் வாங்கி, கேன் எல்லாவற்றிலும் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுப் புதிது ஒட்டியிருக்கிறார். ஒற்றை ஆளாக, முட்டியை மடக்க முடியாமல், காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு.

“நம்பரச் சொல்லும்மா.”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருடா,” என்றாள். “நான் ஒருவாட்டி பொட்ட அழிச்சேன், நீ சொன்னேன்னு. இது அவரு சொன்னாரு.”

அரியமங்கலத்தில் எந்த வீட்டுச் சமையலறையில் குனிந்து பார்த்தாலும் அப்பாவின் நம்பர் இருக்கிறது. என்னிடம் இல்லை.

மார்ச் 15

ஊருக்குப் போக லீவு கேட்டேன். ஏற்றுமதி ஆர்டர் முடிகிற வரை யாருக்கும் இல்லை என்றார்கள்.

மார்ச் 17

எஸ்தர் இப்போது சின்னக்கடை வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். அவளுக்குச் செய்தி அனுப்பினேன். ‘உங்க வீட்டு கேன்ல எங்கப்பாவோட புது நம்பர் இருக்கும். கொஞ்சம் பாத்து அனுப்பறியா?’

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. ஷிப்ட் முடிந்து வந்தபோது ஒரு போட்டோ வந்திருந்தது. கேனை எடுத்து அனுப்பியிருந்தாள். நீல ஸ்டிக்கர், போஸ் வாட்டர் சப்ளை. நம்பர் இருக்கிற இடத்தைக் கட்டை விரலால் மூடியிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்.

‘இந்த நம்பர் உனக்கு ஏன் வேணும்? ரெண்டு நிமிஷம்.’

கட்டிலில் உட்கார்ந்து எழுதினேன். அழித்தேன். இன்னொன்று எழுதினேன். அது இன்னும் சரியாக வந்தது. அழித்தேன். மூன்றாவதில் அவர் கேட்டில் நின்று ஜன்னல்களை அண்ணாந்து பார்த்ததைச் சேர்த்தேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. நிறுத்தினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

எதையும் அனுப்பவில்லை. மூன்றுமே நன்றாக இருந்தன.